இரண்டாம் பக்கத்தில் இறந்தவர் வீட்டில் மூன்று நாள்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். ஏறாவூர் ரயில் நிலையத்தில் தூறல். குடையை விரித்தால் அசட்டுத்தனமாகத் தெரியும், விரிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடி நனையும், அந்த அளவு. கொழும்பிலிருந்து வந்த வழியில் என் பெட்டிக்குள் பதினொரு வடைக்காரர்கள் ஏறி இறங்கினார்கள். ஒரு வடைக்கு இரண்டு இறால் என்பது கணக்கு. எனக்குக் கிடைத்ததில் ஒன்றுதான் இருந்தது. சுட்டிக்காட்டினேன். வடைக்காரர் இன்னொரு வடையிலிருந்து ஓர் இறாலைப் பிய்த்து என் வடையின் மேல் வைத்து விரலால் அழுத்தினார். எங்கள் மன்னார்குடிப் பக்கம் நியாயம் இவ்வளவு விரைவாகக் கிடைக்காது. அந்த இன்னொரு வடை யாருக்குப் போனதோ, தெரியாது.

நிலையத்து வாசலில் ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஒருவர், முப்பது வயதிருக்கும், என் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"வாங்க சேர். நான் ரிஸ்வான். அந்தப் பாழாப்போன மகன் நான்தான்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோஹாவில் என் மகன் வீட்டில் நாற்பத்தொரு நாள் தங்கியிருந்தேன். எதிர்வீட்டில் சமையல் வேலை பார்த்தவர் ரமீசா, இந்த ஏறாவூர்க்காரர். படிக்கட்டில் பதினாறு தடவை பேசியிருப்போம். ஊர் திரும்பியதும் அவரை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். புள்ளிவிவரத் துறையில் முப்பத்தொரு ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற எவனும் கடைசியில் இப்படி ஏதாவது ஒன்றில்தான் விழுகிறான்.

எழுதுவதற்கு முன் முறையாகப் படித்தேன். பிழைக்கப் போன ஏழைகளைப் பற்றிய கதைகள் முப்பத்தாறு. அவற்றில் இருபத்தொன்பதில் நிலா வருகிறது. முப்பத்தொன்றில் தலையணை நனைகிறது. ஊருக்கு உயிரோடு திரும்புகிறவர் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் எவருக்கும் சாப்பிடப் பிடித்தமான பொருள் என்று ஒன்று இல்லை, எவரும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சராசரியைக் கண்டுகொண்ட பிறகு எழுதுவது சுலபம். என் கதையில் நிலா இரண்டு, கண்ணீர் ஒன்பது இடத்தில். ரமீசா வீடு கட்டுவதற்காகக் கடல் கடக்கிறாள். கணவன் கபூர் இரண்டாம் பக்கத்தில் காசநோயில் இறக்கிறான். மகன் ரிஸ்வான் தாயிடம் ஒரு ரகசியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான். அவள் திரும்பி வரும்போது மருமகள் பையைத் தூக்கிப் பச்சைக் கதவுக்கு வெளியே வைக்கிறாள். வாவிக்கரையில் ஒரு கிழவி, மேலே நிலா, முற்றும்.

பெயர்களை மாற்றவில்லை. ஊர், தெரு, கதவின் பச்சை நிறம் எதையும் மாற்றவில்லை. உண்மைப் பெயர் போட்டால் கதைக்கு உயிர் வரும் என்று நினைத்தேன். கடைசி வரியாக, "இது கதையல்ல, ஒவ்வொரு சொல்லும் உண்மை" என்றும் சேர்த்தேன். ஒரு மாத இதழ் வெளியிட்டது. அந்தக் கடைசி வரிக்காகவே என்னை ஐந்து கூட்டங்களுக்கு அழைத்தார்கள்.

கதை கைபேசி வழியாகப் பாக்கு நீரிணையைக் கடந்து, ஓட்டமாவடியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ரமீசாவின் மகள் சப்ரினாவுக்குப் பேசி முடித்திருந்த வீடு அது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடு அண்ணன் பெயரில் என்று அச்சில் இருக்கிறதே என்று அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி இறுதியில், அதற்குள் ஊர் திரும்பிவிட்ட ரமீசா என்னைப் போனில் அழைத்துச் சொன்னார்: "சேர், எண்ட மகள்ர கலியாணத்த நீங்க குழப்பிட்டீங்க. நோன்புக்கு முந்தி நீங்களே வந்து சரிக்கட்டணும்."

போகாமல் இருக்க ஏழு காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஏழும் முழங்கால் சம்பந்தப்பட்டவை. என் மகன் பயணச்சீட்டை வாங்கி அனுப்பிவிட்டான்.

ரிஸ்வானின் ஆட்டோ சந்தியில் திரும்பும்போது ஆட்டோத் தரிப்பிடத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய் ரிஸ்வான்! உம்மாவ எங்கடா போட்ட?"

"ஆத்துலடா!" என்று இவரும் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாலு மாசமா இதுதான் சேர். முந்தி என்னை நெட்டையன் எண்டு கூப்பிடுவானுகள். இப்ப பேர் மாறிட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பச்சைக் கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மீன் செதில். "நான் கபூர்" என்றார். நான் கொன்றவர். எனக்காகக் காலையில் வலைக்குப் போய் ஒரு கொடுவா பிடித்து வைத்திருந்தார். வாவியை இவர்கள் ஆறு என்றுதான் சொல்கிறார்கள். வரைபடத்தைக் காட்டித் திருத்தலாமா என்று நினைத்தேன். நான் வந்தது என்னைத் திருத்த என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

கொடுவாவை அவரே பொரித்தார். ஏழு துண்டுகள். எனக்கு நாலு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சேர், ஒண்டு கேக்கலாமா? எனக்கு என்ன வருத்தம்?" இங்கே வருத்தம் என்றால் நோய்.

"காசநோய்."

"எத்தின நாள் கிடந்த நான்?"

"ஒரு பத்தி."

"இருமினதா?"

"நாலு தடவை."

தலையசைத்தார். அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "மௌத்துக்கு ஆக்கள் வந்தாங்களா?"

"சாவு அன்று மழை என்று எழுதிவிட்டேன். ஆறு பேர்."

அதுதான் அவரைத் தைத்தது. "ஆறு பேரா? மழைக்குப் பயந்து ஜனாஸாவுக்கு வராம இரிக்கிற ஆக்களா சேர் நாங்க? என்னோட ஆத்துல நிக்கிற வலைக்காரரே முப்பது பேர் இரிக்கமே!"

மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு துண்டை என் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க, முள்ளு கவனம்" என்றார். முள் பத்தொன்பது.

புதன்கிழமை காலை பிட்டு, கூனிச் சம்பல், பாற்சொதி. கூனி என்பது வாவியில் அள்ளும் பொடி இறால். எண்ணத் தொடங்கி எண்பதைத் தாண்டியதும் கைவிட்டேன். பிட்டைக் குழலில் அவித்துத் தள்ளுகிறார்கள். எங்கள் ஊரில் உதிர்த்துச் சர்க்கரை போடுவோம். சர்க்கரை கேட்டேன். சப்ரினா தன் தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் கதையைப் பற்றிய முழு விமர்சனமும் இருந்தது.

குசினியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சமையல் மேடை என் மார்பளவு இருந்தது. ரமீசா நாலேமுக்கால் அடிதான் இருப்பார். கீழே ஒரு பலகை போட்டு, அதன் மேல் நின்று தேங்காய் துருவினார். ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"மேசன் போன்ல அளவு கேட்ட. என்னட்ட இருந்த ஒரே அளவு மேடத்துட குசினிதான். டேப்ப வெச்சு அளந்து சொன்ன. அந்தப் பொம்புள என்னை விட ஒரு முழம் உயரமெல்லுவா! வந்து நிக்கக்குள்ளதான் தெரிஞ்ச." சிரித்துக்கொண்டே பலகையைக் காலால் தட்டினார். "பதினொரு வருசம் அங்க பலகையில நிண்ட. இங்கயும் பலகை. பரவாயில்ல, மகள் உயரம். அவளுக்குச் சரி."

வெளியே போய் ஜன்னல்களைப் பார்த்தேன். அவையும் அந்த வீட்டு அளவுதான். கதவு, மாடிப்படி, குளியலறைத் தொட்டி வைக்கும் பள்ளம், எல்லாம் தோஹா. தொட்டி வாங்கக் காசு இல்லை, பள்ளத்தில் அரிசி மூட்டை இருந்தது. என் கதையில் குசினியே இல்லை. நான் கேட்டதே இல்லை. பதினாறு உரையாடல்களில் பதினான்கில் நான்தான் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீடு கைமாறியதும் ரமீசாவும் கபூரும் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறைக்குப் போய்விடுவார்களாம். எட்டடிக்குப் பத்தடி. கால்கள் தாமாகவே அங்கே போயின. குறிப்பேட்டையும் எடுத்துவிட்டேன்.

"எழுத வேணாம் சேர்" என்று தேங்காய் துருவிக்கொண்டே குசினி ஜன்னல் வழியாகச் சொன்னார் ரமீசா. "எண்ட உம்மாவும் எனக்கு வூட்டத் தந்துபோட்டு இப்படித்தான் பின்னால இருந்த. அதுக்கெல்லாம் அழுறதா?"

"தோஹாவில் தனிமையாக இருந்திருக்குமே" என்று விடாமல் கேட்டேன்.

"தனிமையா? அந்த வூட்டுல பதினாலு பேர். கக்கூசுக்குள்ள மட்டும்தான் தனிய இருந்த." துருவலை நிறுத்தினார். "பிள்ளைகள்ர ஞாபகம் வந்தா குப்பை கொட்டப் போற சாட்டுல கீழ போய் நிப்பன். அஞ்சு நிமிசம். பிறகு மேடம் கூப்பிடும். அவ்வளவுதான். தனிய இருந்த நீங்கதான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனா, வந்து படியில குந்திக்கொண்டு இரிப்பீங்க. பாவமெண்டுதான் கதைச்ச."

இதை நான் பதிவு செய்துகொள்ளவில்லை. கட்டுரைக்காக இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

மாலையில் சப்ரினா தேநீர் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அஸ்மீர் கதையைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவர் வாசிக்கல்ல சேர். அவர் ஒண்டுமே வாசிக்கிற ஆள் இல்ல" என்றாள். "அதாலதான் எனக்கு விருப்பம். இது முறிஞ்சா வேற இடம் பாப்பாங்க. எனக்கு வேற இடம் வேணாம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தேநீரில் சர்க்கரை மூன்று கரண்டி. எனக்கு அரைக் கரண்டிதான் அனுமதி. குடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஓட்டமாவடி புறப்பட்டோம். முன்னால் ரிஸ்வான், பின்னால் ரமீசா, கபூர், நடுவில் நான், மடியில் வட்டிலாப்பம் என்கிற முட்டை இனிப்புச் சட்டி. கிரான் தாண்டும் முன் வயலிலிருந்து எருமைகள் சாலையில் ஏறின. அறுபத்து மூன்று. அறுபத்து நான்காவது சாலை நடுவிலேயே படுத்துவிட்டது. ரிஸ்வான் ஒலிப்பானை அடித்தார். எருமை காதை மட்டும் அசைத்தது. ஓட்டி வந்தவர் வரப்பில் குந்தியபடி, "அவசரமெண்டா நீங்க இறங்கி நடங்க, அது நடக்காது" என்றார். இருபத்தாறு நிமிடம். வட்டிலாப்பத்தின் பாகு என் வேட்டியில் மூன்று இடத்தில்.

மாப்பிள்ளை வீட்டில் பதினாலு பிளாஸ்டிக் நாற்காலி. பேசியவர்கள் இருவர்தான்: மாப்பிள்ளையின் தாயார் பாத்தும்மா, அவருடைய தம்பி ஜலீல் மாஸ்டர். மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வாசகர் வட்டம் நடத்துபவர், தாமும் கதை எழுதுபவர். வளைகுடா போனவர்களைப் பற்றிப் பத்தொன்பது கதை எழுதியிருக்கிறாராம். பத்தொன்பதிலும் ஆள் பெட்டியில்தான் திரும்பி வருகிறான். என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"சேர், உங்கட கதைய எங்கட வட்டத்துல நான் வாசிச்ச. எட்டுப் பேர் அழுத."

"எட்டா?"

"ஒன்பது. ஒராள் வெளியில போய் அழுத."

மன்னார்குடியில் அதிகபட்சம் இரண்டு. மனம் குளிர்ந்துவிட்டது என்பதை மறைத்துப் பயனில்லை.

"மாஸ்டர்" என்று ரமீசா குறுக்கிட்டார், "சேர் வந்தது அந்தக் கதை பொய்யெண்டு சொல்ல."

"அது எப்படிப் பொய்யாகும்?" மாஸ்டர் கதையின் நகலை எடுத்தார். அடிக்கோடு இல்லாத வரி குறைவு. "இப்படி எழுத உண்மை இல்லாம ஏலாது. பொண்ணு வூட்டார் வற்புறுத்திக் கூட்டி வந்திரிக்காங்க. சேர், நீங்க பயப்பட வேணாம். உண்மையச் சொல்லுங்க. அடுத்த மாசம் இந்த ஊர்ல உங்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறன். இருநூறு கதிரை."

இருநூறு நாற்காலி. மனத்துக்குள் அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன், ஏழு வினாடி. சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்ததால் சரியாகத் தெரியும். ரமீசா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த வீட்டு உறுதிப் பத்திரத்தின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் என் கதையில் ரகசியமாக இரண்டாவது பத்திரம் இருக்கிறதே! அந்த ஒன்றுக்கு எதிராக எந்தப் பத்திரத்தைக் காட்டுவது?

"பொய்" என்றேன். "ரகசியப் பத்திரம் என் கற்பனை. கணவர் இறந்தது கற்பனை. இதோ அவர்."

கபூர் எழுந்து நின்று சலாம் சொன்னார்.

"அது இலக்கிய மரணம்" என்றார் மாஸ்டர் விட்டுக்கொடுக்காமல். "ஆனா கடைசிக் காட்சி? மருமகள் பையத் தூக்கி வெளிய வைக்கிற இடம்? அதக் கற்பனையில எழுத ஏலாது சேர். அது ரத்தம்."

அதுவரை வாய் திறக்காத பாத்தும்மா நிமிர்ந்தார். "என்ன, என்ன? மருமகள் எங்க நிண்டு பையத் தூக்கி வைச்ச?"

"மாமியார் வீட்டில்" என்றேன்.

"மாமிட வூட்டுல மருமகள் ஏன் இருந்த?"

"மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள்... அங்கேதானே இருப்பாள்?"

நாற்காலிகள் அசைந்தன. உள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அப்படித்தான், மகன் வீட்டில் மருமகள் இருப்பாள் என்று நான் விளக்கிச் சொல்லச் சொல்லச் சத்தம் கூடியது.

"எண்ட வூடு எண்ட பொண்டாட்டிட வூடு மாமி" என்று ரிஸ்வான் எழுந்தார். "உம்மாவ நான் எங்கேருந்து வெளிய போடுற? அவள் என்னை வெளிய போட்டா நான்தான் பையத் தூக்கிக்கொண்டு உம்மாட்ட ஓடி வரணும். ரெண்டு தரம் வந்தும் இரிக்கன்!"

"இந்த மனிசன் எங்கட ஊர்ல ஒரு வூட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்கல்ல" என்று பாத்தும்மா தீர்ப்புச் சொன்னார். "இதையா நீ வாசிச்சு அழுத, ஜலீல்?"

"ராத்தா, அது ஒரு குறியீடு..."

"குறியீட்டுக்கு எந்த ஒழுங்கையில வளவு இரிக்கி? சும்மா இரி." ஒழுங்கை என்றால் சந்து, வளவு என்றால் மனை.

மாஸ்டர் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த அறையில் என் எழுத்தைக் கடைசிவரை நம்பியவர் அவர் ஒருவர்தான். அவரை வீழ்த்தியது என் அறியாமை.

முடிந்தது என்று நினைத்தேன். பாத்தும்மா விரலை உயர்த்தினார். "ஆனா, நீங்க வாயால சொன்ன எங்களுக்கு. அச்சில வாசிச்ச ஊருக்கு. நாளைக்கு எண்ட பேரப்பிள்ளையள் வளந்து வாசிச்சா, பெரிய மாமாட வூட்டுல இரிக்கமெண்டு நினைக்கும். அச்சில வந்தத அச்சிலயே மாத்துங்க. மாத்தின புத்தகம் கையில வந்தா நோன்புக்கு முந்தின ஞாயிறு நிக்காஹ்."

அங்கிருந்தே இதழாசிரியரை அழைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, சிறுகதைக்குத் திருத்தம் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒன்றுக்குப் போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டி வரும். விளம்பரமாகக் கொடுங்கள். அதில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்."

பிறகு சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது இவர்கள் வழக்கம். கபூர், ரிஸ்வான், மாஸ்டர், நான். யார் எல்லை எதுவரை என்று கோடு இல்லாதது எனக்குக் கவலையாக இருந்தது. மாஸ்டர் தன் பக்கத்து இறைச்சியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ஐந்து துண்டு. ஆறாவதைத் தள்ளும்போது மெதுவாகக் கேட்டார்: "நிலாவாவது உண்மையா சேர்?"

"பார்க்கவில்லை" என்றேன்.

விளம்பரத்தை ஏறாவூர் திரும்பிக் குசினியில் வைத்து எழுதினோம். நான் எழுதினேன், ரமீசா பலகையில் நின்றபடி சொற்களை வெட்டினார். 'துயர்மிகு' போயிற்று. 'கண்ணீரால் எழுப்பிய' போயிற்று. "சீமெந்தாலதான் எழுப்பின" என்றார். கபூர் ஒரே ஒரு வரி கேட்டார். ரிஸ்வானும் ஒன்று. கடைசியில் எஞ்சியது இது:

'அக்டோபர் இதழில் நான் எழுதிய சிறுகதையில் வரும் ஏறாவூர் வீடு, ரமீசா என்பவர் தம் சம்பளத்தில் கட்டியது. அது அவருடைய மகளுக்கு உரியது. மகன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. அவர் தம் மனைவி வீட்டில் இருக்கிறார். கணவர் நலமாக இருக்கிறார். மற்றவை பொய்.'

வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். மார்ச் இதழில் விளம்பரம் வந்தது, ஐம்பத்தெட்டாம் பக்கம். ஒரு பிரதியை விரைவு அஞ்சலில் அனுப்பினேன். பத்தாம் தேதி, ஞாயிறு, நிக்காஹ் முடிந்தது. மறுநாள் ரமீசாவின் குரல்செய்தி, ஐம்பத்திரண்டு வினாடி. சப்ரினா அந்த மேடைக்கு முன்னால் பலகை இல்லாமல் நின்று முதல் தேநீர் போட்டாளாம், அஸ்மீர் குடித்தாராம். பாத்தும்மா கண்ணாடி போட்டுக்கொண்டு விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அந்த மனிதர் எழுதியதில் இதுதான் நன்றாக இருக்கிறது என்றாராம்.

பயணச் செலவு முழுவதும் மகனுடையது. என் கையிலிருந்து போனது விளம்பரத்துக்கு மட்டும். கால் பக்கம், ஜி.எஸ்.டி. வரியோடு சேர்த்து, பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.